மிலானில் 1950களின் கதிரைகளும் விளக்குகளும்: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

சூரிச்வாசி

அனைவருக்கும் வணக்கம். சூரிச்சில் நாங்கள் புதிதாகக் குடிபுகுந்திருக்கும் இரண்டு அறை வீட்டுக்குத் தளபாடங்கள் வாங்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பெருங்கடையில் வாங்கி நிரப்புவதற்கு மனம் ஒப்பவில்லை. மிலானில் வடிவமைப்பாளர் அக்கில்லே காஸ்திலியோனியின் பணிமனையை அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள்; இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே போய்வந்த நாளிலிருந்து, அந்தக் காலத்து இத்தாலியப் பொருள்கள் சிலவற்றையாவது வீட்டில் வைத்துப் பாவிக்க வேண்டும் என்ற எண்ணம் விடாமல் இருக்கிறது.

இணைய விளம்பரங்களில் மூன்றைக் குறித்து வைத்திருக்கிறேன். முதலாவது, மூன்று கைகள் கொண்ட பித்தளை நிலைவிளக்கு. "ஸ்டில்நோவோ, 1950கள்" என்று எழுதி 900 யூரோ கேட்கிறார்கள். இரண்டாவது, "ஜியோ பொன்தி, சூப்பர்லெஜேரா" என்று விற்கப்படும் இரண்டு கதிரைகள். சோடியாக 650 யூரோ. மூன்றாவது, பலிசாந்த்ரோ மரத்தில் செய்த நீளமான தாழ்ந்த அலுமாரி, 1,100 யூரோ. என்னிடம் இருப்பது மொத்தமாக 2,500 யூரோ. மூவரும் மிலானிலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பதால், மாதக் கடைசி ஞாயிறன்று நவீல்யோ கிராந்தே கால்வாய்க்கரைச் சந்தைக்குப் போகும்போது பொருள்களையும் நேரில் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். இவற்றில் எது வாங்கத் தக்கது, நேரில் போனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தச்சன்மகள்

வணக்கம். நான் கன்தூ நகருக்கு அருகில் ஒரு மரச்சாமான் சீரமைப்புப் பட்டறையில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். விளக்கைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருப்பதால், நாற்காலிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சூப்பர்லெஜேரா என்பது ஜியோ பொன்தி வடிவமைத்து, பிரியான்ட்ஸா வட்டாரத்தில் மேதா என்ற ஊரிலுள்ள கசீனா நிறுவனம் 1957 முதல் செய்துவரும் நாற்காலி. கசீனாவின் பட்டியலில் அதன் எண் 699. ஆஷ் மரத்தில் செய்யப்படும் அதன் எடை 1.7 கிலோ மட்டுமே என்பதால், நீங்கள் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டிய முதல் கருவி, விமானப் பயணத்துக்குப் பெட்டியைத் தூக்கி நிறுக்கும் சிறு தராசு. அடுத்து உங்கள் விரல்கள். இந்த நாற்காலியின் கால்கள் உருண்டையானவை அல்ல. 18 மில்லிமீட்டர் அளவில் முக்கோண வெட்டில் இழைக்கப்பட்டவை. கண்ணை மூடிக்கொண்டு காலைப் பற்றினாலே மூன்று முனைகளும் உள்ளங்கையில் தெரியும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பொன்தி இந்த வடிவத்தை வெறுமையிலிருந்து எடுக்கவில்லை. ஜெனோவாவுக்குக் கிழக்கே கடற்கரையில் உள்ள கியாவரி என்ற ஊரில், 1807ஆம் ஆண்டு ஜுசேப்பே கயெத்தானோ தெஸ்கால்ட்ஸி என்ற தச்சர் மிகவும் மெலிந்த ஒரு நாற்காலியைச் செய்தார். அந்த மரபு அவ்வூர்ப் பட்டறைகளில் இன்றுவரை தொடர்கிறது. பொன்தி அதைப் பார்த்துப் பார்த்து, 1952இல் லெஜேரா என்ற நாற்காலியையும், அதிலிருந்து இன்னும் இழைத்துக் குறைத்து சூப்பர்லெஜேராவையும் உருவாக்கினார். ஆகவே கியாவரி நாற்காலிக்கும் பொன்தியின் நாற்காலிக்கும் குடும்பச் சாயல் இருப்பது இயல்பு. அந்தச் சாயலை வைத்துக்கொண்டு, பெயர் தெரியாத கியாவரிப் பட்டறையில் செய்த நல்ல நாற்காலி ஒன்றைப் பொன்தி பெயரில் விற்பதுதான் சந்தையில் நாள்தோறும் நடக்கிறது. என்னைக் கேட்டால், உண்மையான பெயரோடும் உரிய விலையோடும் வந்தால் கியாவரி நாற்காலி வாங்குவதற்கு நான் இரண்டு முறை யோசிக்க மாட்டேன்.

இன்னொன்றையும் பாருங்கள். நாற்காலியைத் தலைகீழாகப் பிடித்து, கால்களுக்கு நடுவே ஓடும் குறுக்குச் சட்டங்களைப் பாருங்கள். அறுபது ஆண்டு உட்கார்ந்த நாற்காலியில் முன்பக்கச் சட்டம் மட்டும் மேல்முகத்தில் மழுங்கியிருக்கும். உட்கார்ந்தவர்கள் குதிகாலை வைத்த இடம் அது. பின்பக்கச் சட்டத்தில் யாரும் காலை வைப்பதில்லை. சென்ற மாதம் எங்கள் பட்டறைக்கு ஒருவர் கொண்டுவந்த நாற்காலியில் நான்கு பக்கச் சட்டங்களும் ஒரே அளவில் மழுங்கியிருந்தன. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது, மழுங்கிய இடமெல்லாம் ஒரே திசையில் நேரான மெல்லிய கோடுகள் ஓடின. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தடம் அது; கால்பட்டுத் தேய்ந்த மரத்தில் அப்படி வராது.

இருக்கையின் பிரம்புப் பின்னல் புதிதாக இருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். பிரம்பு காய்ந்து அறுந்துபோகும் பொருள். மாற்றித்தான் ஆக வேண்டும். இத்தாலியர்கள் அதை இன்றும் "கன்னா திந்தியா", அதாவது இந்தியப் பிரம்பு, என்றே அழைக்கிறார்கள். யார் பின்னினார், எப்போது பின்னினார் என்று கேளுங்கள். நேர்மையான வியாபாரி தயங்காமல் சொல்வார்.

மின்னூல்

தச்சன்மகள் எழுதியதோடு விளக்கைச் சேர்த்துக்கொள்கிறேன். நான் தூரினில் மின்பொறியாளராக இருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பழைய விளக்குகளை வாங்கிப் பழுது பார்த்து வருகிறேன்.

சூரிச்வாசி, நீங்கள் குறிப்பிட்ட விளம்பரத்தில் படத்தைப் பார்க்கும் முன்பே ஒரு பிழை தெரிகிறது. மூன்று கைகளும் தனித்தனியே திரும்பக்கூடிய அந்தப் பித்தளை நிலைவிளக்கு வடிவம், மொன்ட்ஸாவில் ஆஞ்செலோ லேலி நடத்திய அர்ரெதோலூச்சே நிறுவனத்தோடு சேர்ந்தது. "திரியென்னாலே" என்ற பெயரில் அறியப்படுவது. ஸ்டில்நோவோ வேறு நிறுவனம். 1946இல் புரூனோ கத்தா மிலானில் தொடங்கியது. அது பல வடிவமைப்பாளர்களைக் கொண்டு ஏராளமான மாதிரிகளைச் செய்தது. அதனாலேயே, பித்தளையும் வண்ணம் பூசிய கூம்புகளும் சேர்ந்த எந்த விளக்கைக் கண்டாலும் விற்பவர்கள் அதன் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். உங்கள் விளம்பரக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் கூறவில்லை. ஆனால் தான் விற்கும் பொருளை அவர் படித்துப் பார்க்கவில்லை என்பது உறுதி.

இந்த மூன்று கை விளக்கைப் போல அதிகமாக நகலெடுக்கப்பட்ட இத்தாலிய விளக்குகள் சிலவே. ஆகவே நேரில் போகும்போது ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. தண்டில் ஒட்டினால் இரும்புக் குழாய்க்கு முலாம் பூசியிருக்கிறார்கள். உள்ளே ஓடும் மரையிட்ட கம்பியும் அடிப்பாகத்தின் எடைக்கட்டியும் இரும்பாக இருப்பதுண்டு என்பதால், ஒரே இடத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்காமல் நாலைந்து இடங்களில் வைத்துப் பாருங்கள். பிறகு பித்தளையின் நிறம். உண்மையாகவே பழகிய பித்தளை, கைபடும் இடங்களில் வெளுத்தும், கை நுழையாத மூட்டுகளின் இடுக்கில் கறுத்தும் இருக்கும். நம் வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்கியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்டு பளபளக்கும், அகல்களின் அடியில் களிம்பு தங்கும். அமிலத்தில் முக்கிப் பழமையாக்கியதில் தண்டு, மூட்டு, திருகாணித் தலை எல்லாம் ஒரே தேன்நிறத்தில் இருக்கும்.

நான் மிகவும் நம்பும் சோதனை இன்னொன்று உண்டு. கூம்பைத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் இழை பல்பு போட்டு எரித்திருப்பார்கள். 60 வாட் பல்பின் சூடு ஆண்டுக்கணக்கில் பட்ட வெள்ளைப் பூச்சு, ஹோல்டரைச் சுற்றி ஒரு வளையமாகப் பழுத்து, பால் ஏடு தீய்ந்தது போன்ற நிறத்துக்கு வந்திருக்கும். விளிம்பை நோக்கி வர வரப் படிப்படியாக வெளுக்கும். உட்புறம் முழுவதும் ஒரே வெள்ளையாக இருந்தால், மறுபூச்சா, புதுச் செய்கையா என்று கேட்க வேண்டும். மறுபூச்சு குற்றமல்ல, சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

வயரும் ஹோல்டரும் புதிதாக இருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். துணி சுற்றிய பழைய வயரில் உள்ளே இருக்கும் ரப்பர் காய்ந்து, வளைத்தால் உதிர்ந்துவிடும். அதை மாற்றாமல் விற்பவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

புதுவீடு

நண்பர்கள் சொல்வதையெல்லாம் மதிப்போடு படித்தேன். இருந்தாலும் ஒரு மாற்றுக் கருத்தை வைக்கிறேன். சூப்பர்லெஜேராவைக் கசீனா இன்றும் செய்கிறது. ஜீனோ சர்ஃபாத்தி 1958இல் தன் ஆர்தெலூச்சே நிறுவனத்துக்காக வடிவமைத்த 2097 தொங்குவிளக்கை ஃப்ளோஸ் என்ற விளக்கு நிறுவனம் இன்றும் செய்கிறது. காஸ்திலியோனி சகோதரர்கள் 1962இல் வடிவமைத்த ஆர்கோ நிலைவிளக்கும் அப்படியே. வடிவத்தைத்தான் நேசிக்கிறோம் என்றால், உரிமை பெற்ற நிறுவனத்திடம் புதிதாக வாங்குவதில் என்ன குறை? மின்பாதுகாப்புச் சான்று இருக்கும், உதிரிப்பாகம் கிடைக்கும், வடிவமைப்பாளரின் உரிமைக்கும் மரியாதை செய்தவர்கள் ஆவோம். ஆர்கோவின் மலிவு நகல்கள் இறக்குமதியானதை எதிர்த்து ஃப்ளோஸ் தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2011இல் அது குறித்த தீர்ப்பும் வந்தது. பழைய சந்தையில் 900 யூரோவுக்கு ஐயத்தை வாங்குவதைவிட இது மேல் என்று கருதுகிறேன்.

மின்னூல்

புதுவீடு, ஆர்கோவைப் பொறுத்தவரை உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். அதன் அடியில் இருக்கும் கராரா பளிங்குக் கல் ஏறக்குறைய 65 கிலோ. இருவர் துடைப்பக் கட்டையை நுழைத்துத் தூக்குவதற்காகவே அதில் துளை போட்டார்கள். மூலைகளை மழுக்கியதும், நடப்பவர் காலில் இடிக்கக் கூடாது என்பதற்காக. இந்தச் சிந்தனை புதிய ஆர்கோவிலும் குறையாமல் இருக்கிறது; அறுபது ஆண்டு பழையதைத் தேடி அலைந்து, கல்லைச் சுமந்து எல்லை கடக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் காலத்து விளக்குகளில் பெரும்பகுதி மறுபதிப்புக் காணவே இல்லை. சர்ஃபாத்தி ஒருவரே நூற்றுக்கணக்கான விளக்குகளை வடிவமைத்தவர். 1970களின் முற்பாதியில் ஆர்தெலூச்சே ஃப்ளோஸின் கைக்குப் போன பிறகு, அவற்றில் மிகச் சிலவே மீண்டும் உற்பத்திக்கு வந்தன. மற்றவற்றை யாராவது வாங்கி, வயர் மாற்றி, எரிய வைத்தால்தான் அவை இருக்கும். இல்லாவிட்டால் பித்தளை உருக்குபவரிடம் போகும். எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் வாங்குகிறேன்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மிலானின் இல் பொன்தே, ஜெனோவாவின் காம்பி போன்ற ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களை இணையத்தில் பார்க்கலாம். எந்தப் பொருள் என்ன விலைக்குப் போனது என்பது இருக்கும். அங்கே "அத்ரிபூயித்தோ" என்றிருந்தால் இன்னாருடையது எனக் கருதப்படுகிறது என்று பொருள். "நெல்லோ ஸ்டீலே தி" என்றிருந்தால் அவர் பாணியில் யாரோ செய்தது. வியாபாரியின் வாயில் இந்த இரண்டு சொற்களும் முதலில் தேய்ந்து மறைகின்றன. ஏலத்தில் கேட்பதானால், விழுந்த விலைக்கு மேல் நிறுவனத்தின் கட்டணம் நூற்றுக்கு இருபத்தைந்து அளவிலோ அதற்கு மேலோ வரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கார்லோ மொல்லீனோ 1949இல் வடிவமைத்த மேசை ஒன்று 2005இல் நியூயார்க் ஏலத்தில் 38 லட்சம் டாலரைத் தாண்டிய பிறகு, பெயர்களை ஒட்டி விற்கும் பழக்கம் ஏன் ஓயவில்லை என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

ஏட்டுச்சுவடி

கியாஸ்ஸோ எல்லையில் சரக்கனுப்பும் அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். இதுவரை யாரும் அலுமாரியைத் தொடவில்லை; இந்த மூன்றில் எனக்குக் கவலை தருவது அதுதான்.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால், மிலானில் வாங்கி மிலானிலேயே வைத்துக்கொள்பவருக்கு இல்லாத மூன்று கணக்குகள் உங்களுக்கு உண்டு. முதலாவது, வனவிலங்கு, தாவர வர்த்தகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கை. பலிசாந்த்ரோ என்று இத்தாலியர் சொல்வது ரோஸ்வுட் குடும்பத்து மரங்கள் பலவற்றுக்குப் பொதுப்பெயர். அவற்றில் பிரேசில் ரோஸ்வுட், 1992 முதல் அந்த உடன்படிக்கையின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது. முழுப்பலகையானாலும் மேலே ஒட்டிய மெல்லிய வெனீரானாலும் சட்டம் ஒன்றுதான். கட்டுப்பாடு வருவதற்கு முன்பே வெட்டப்பட்ட மரம் என்பதைக் காட்டும் சான்றிதழ் இல்லாமல் விற்கவும் முடியாது, எல்லை கடக்கவும் முடியாது. 2017 தொடக்கத்திலிருந்து அந்தப் பேரினத்தைச் சேர்ந்த மற்ற மரங்களும் இரண்டாம் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஒருவர் அழகான அலுமாரியைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து, தாள் எதுவும் இல்லாமல் எங்கள் அலுவலகத்து வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை இன்னொருவருக்குப் பார்க்க விரும்பவில்லை.

இரண்டாவது, இத்தாலியின் பண்பாட்டுச் சொத்துச் சட்டம். வடிவமைத்தவர் காலமாகி, பொருளுக்கு எழுபது ஆண்டுக்கு மேல் வயதாகி, மதிப்பும் 13,500 யூரோவைத் தாண்டினால் ஏற்றுமதி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 2017க்கு முன் இந்த வயது வரம்பு ஐம்பதாக இருந்தது. உங்கள் தொகைக்கு அனுமதி தேவைப்படாது. ஆனால் 1950களின் முற்பகுதியில் செய்த பொருள்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டதால், மதிப்பைத் தெரிவிக்கும் அறிவிப்பை எழுதித் தர வேண்டியிருக்கும். விற்பவரின் ரசீதில் செய்த ஆண்டும் விலையும் தெளிவாக இருக்கட்டும்.

மூன்றாவது வரி. சுவிஸ் அரசு 2024 முதல் தொழில்துறைப் பொருள்களுக்குச் சுங்கத் தீர்வையை எடுத்துவிட்டது. ஆனாலும் தலைக்கு 150 பிராங்கைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 8.1 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி உண்டு. இத்தாலிய வரியைத் திரும்பப் பெறலாம் என்று கணக்குப் போட வேண்டாம். பழைய பொருள் விற்பவர்கள் பெரும்பாலும் தம் ஆதாயத்தின் மேல் மட்டும் வரி கட்டும் முறையில் விற்பதால், ரசீதில் வரி தனியாகக் காட்டப்பட்டிருக்காது.

தச்சன்மகள்

ஏட்டுச்சுவடிக்கு நன்றி, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ரோஸ்வுட் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு துணிவு வந்துவிடும். எங்கள் ஊர் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோமே, அதுவும் இதே பேரினம். அப்பாவின் பட்டறையில் ஈட்டியை இழைத்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அதனால் இங்கே வந்த புதிதில் பிரேசில் மரத்தையும் இந்திய மரத்தையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம் என்று நம்பினேன். முடியவில்லை. அறுபது ஆண்டு வெளிச்சமும் மெருகெண்ணெயும் ஏறிய வெனீரைக் கண்ணால் பார்த்து, இது எந்தக் காட்டு மரம் என்று நான் கையெழுத்திட மாட்டேன். எங்கள் பட்டறையில் மூத்த தச்சரும் அப்படித்தான். சிறு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புவார்.

ஆகவே அந்த அலுமாரியைத் தாள் இல்லாமல் தொட வேண்டாம். அதே காலத்தில் வால்நட், தேக்கு, செர்ரி மரங்களிலும் கன்தூ பட்டறைகள் மிகச் சிறந்த அலுமாரிகளைச் செய்தன. இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்து, பக்கப்பலகை முன்பலகையோடு சேரும் மூலையைப் பாருங்கள். புறாவின் வாலைப் போல விரிந்த பற்களைக் கோத்த பிணைப்பு இருக்கிறதா, அடிப்பலகை பள்ளத்தில் நுழைந்திருக்கிறதா, அல்லது வெறும் ஆணியா என்று பாருங்கள். இழுப்பறை போய் உட்காரும் உள்வாயில் விரலை ஓட்டினால் மாவு போலப் புதிய மரத்தூள் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். ஒட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அது உங்கள் வீட்டுத் தரைப்பலகைக்கும் வரும்.

பலெர்மோ_கரை

நான் பலெர்மோவில் இருக்கிறேன். தேவாலயத்துக்குப் பின்னால் பெரான்னி சதுக்கத்தில் இருக்கும் பழம்பொருள் சந்தையில் வாங்கிய சாய்கதிரை ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1951இல் மார்கோ ஸனூசோ ஆர்ஃப்ளெக்ஸ் நிறுவனத்துக்கு வடிவமைத்த "லேடி" என்ற சாய்கதிரை அவ்வாண்டு மிலான் திரியென்னாலே கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. பிரெல்லி நிறுவனத்தின் ரப்பர் நுரையும் இழுபடும் நாடாவும்தான் அதில் புதுமை. அதுவரை குதிரைமயிரும் சுருள்வில்லும் செய்த வேலையை அவை செய்தன. அதன் பிறகு இத்தாலி முழுவதும் அதே முறையில் கதிரைகள் வந்தன. நான் வாங்கியது அப்படிப் பெயரில்லாத ஒன்று. துணி நன்றாக இருந்ததால் 200 யூரோ கொடுத்தேன். வீட்டில் வைத்து இரண்டாம் நாள், கதிரைக்குக் கீழே மஞ்சள் நிறத் தூள் கொட்டிக் கிடந்தது. உள்ளே இருந்த நுரை உலர்ந்த ரொட்டித் தூளாகிவிட்டது. நாடாக்களும் தொய்ந்து தொங்கின. திருத்துவதற்கு வாங்கிய விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. அதைவிட எனக்கு இன்றும் வருத்தம் தருவது, திருத்தியவர் பழைய துணியையும் அடியில் ஒட்டியிருந்த காகிதச் சீட்டையும் கேட்காமலே எறிந்துவிட்டார். எங்கே செய்யப்பட்டது என்று அறிய அந்த ஒரு வழிதான் இருந்தது. மெத்தை வைத்த கதிரையானால் வாங்கும் முன் முழங்கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் மெல்ல எழும்பி வர வேண்டும். நொறுங்கும் ஓசை கேட்டால் திருத்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சூரிச்வாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை மாலை மிலானுக்குப் போய், ஞாயிறு இரவு திரும்பினேன். நடந்ததைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அலுமாரிக்காரருக்கு முன்கூட்டியே எழுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லோரும் அப்படியே கொண்டுபோகிறார்கள் என்று பதில் வந்தது. அதோடு அதை விட்டுவிட்டேன்.

விளக்கைப் பார்க்கச் சனிக்கிழமையே போனேன். தண்டில் காந்தம் ஒட்டவில்லை, பித்தளைதான். மூட்டுகளின் இடுக்கிலும் தண்டிலும் ஒரே தேன்நிறம். மூன்று கூம்புகளையும் திருப்பிப் பார்க்க அனுமதி கேட்டேன். சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வெளியே மூன்று நிறம். உள்ளே மூன்றும் பால்வெள்ளை. மறுபூச்சா என்று கேட்டேன். இல்லை, அந்தக் காலத்துப் பூச்சுத்தான் என்றார். மின்னூல் அண்ணா சொன்ன வளையத்தைப் பற்றிச் சொல்லிக் கேட்டபோது, மின்குமிழ் அதிகம் போடாமல் வைத்திருந்த வீடு என்றார். அப்படியானால் கைபடாத தண்டு எப்படி இவ்வளவு நிறம் மாறியது என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே போர்த்தா ஜெனோவா நிலையத்தில் இறங்கி, கால்வாயின் ஒரு கரையில் போய் மறு கரையில் திரும்பினேன். கதிரைக்காரரும் அங்கேதான் கடை போட்டிருந்தார். தராசில் தூக்கினேன்: 2.4 கிலோ. காலைப் பற்றினேன்: உருண்டை. முன்சட்டத்தில் மட்டும் குதிகால் தேய்ந்திருந்தது. பழைய கதிரை என்பதில் ஐயமில்லை. பொன்தி என்ற பேச்சை விட்டுவிட்டு, இவை கியாவரிக் கதிரைகள் அல்லவா என்று கேட்டேன். வயதானவர், என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தன் மருமகன்தான் விளம்பரம் எழுதினான் என்றும், இவை கியாவரி வீடு ஒன்றிலிருந்து வந்தவை என்றும் சொன்னார். செர்ரி மரமாம். இரண்டையும் 240 யூரோவுக்குத் தந்தார். ரசீதில் "கியாவரி நாற்காலி, செய்தவர் தெரியாது, 1950களின் இறுதி" என்று அவர் கையாலேயே எழுதி வாங்கினேன். தச்சன்மகள் அக்கா, அந்தத் தேய்ந்த சட்டத்தைக் காட்டி நீங்கள் எழுதியிராவிட்டால் நான் பொன்தி இல்லை என்றதுமே திரும்பி வந்திருப்பேன்.

மறு கரையில், தேடாத ஒன்று கிடைத்தது. சுவரில் பொருத்தும் விளக்கு ஒரு சோடி. பித்தளைக் கை, சாம்பல் பச்சை நிறத்தில் சிறு அலுமினியக் கூம்பு. பெயரும் இல்லை, சீட்டும் இல்லை. கூம்பின் உள்ளே அந்தப் பழுப்பு வளையம் அப்படியே இருந்தது. ஒன்றில் அடர்த்தியாகவும் மற்றதில் மெலிதாகவும். ஒன்று கட்டிலின் வாசிப்பவர் பக்கம் இருந்திருக்க வேண்டும் என்று மனைவி சொன்னார். 180 யூரோ கொடுத்தேன். எல்லையில் இரண்டு ரசீதுகளையும் காட்டி வரியைக் கட்டினேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இப்போது ஒரு கேள்வி. இவற்றில் பழைய கறுப்பு பேக்கலைட் ஹோல்டரும் துணி வயரும் அப்படியே இருக்கின்றன. மின்கம்பியாளரிடம் கொடுக்கும் முன் நான் எதைச் சொல்ல வேண்டும்?

மின்னூல்

நல்ல வேட்டை. பெயர் இல்லாத அந்தச் சோடியைப் படத்தோடு போடுங்கள். பழைய விற்பனைப் பட்டியல்களில் தேடிப் பார்க்கிறேன்.

மின்கம்பியாளரிடம் மூன்று காரியம் சொல்லுங்கள். உலோக உடம்பு என்பதால் எர்த் வயரோடு கூடிய மூன்றிழை வயர் போட வேண்டும். கையின் குழாய் ஒடுக்கமாக இருந்தால் மெல்லிய வெளியுறை உள்ளதைத் தேர்ந்தெடுக்கட்டும், எக்காரணம் கொண்டும் குழாயின் வாயைத் துளையிட்டு அகலப்படுத்தக் கூடாது. வயர் உள்ளே நுழையும் இடத்தில் உலோக முனை அறுக்காமல் இருக்க ஒரு சிறு ரப்பர் வளையம் வேண்டும். ஹோல்டரைப் புதிய பீங்கான் ஹோல்டராக மாற்றலாம். பழைய பேக்கலைட் ஹோல்டர், திருகாணிகள், வயர்த் துண்டு எதையும் எறியாமல் உங்களிடம் திருப்பித் தரச் சொல்லுங்கள். பித்தளையைத் துலக்க வேண்டாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். நல்லெண்ணத்தில் அவர்களே துலக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

சூரிச்வாசி

நேற்று வேலை முடிந்தது, அண்ணா. பழைய ஹோல்டர்கள் இரண்டையும், எட்டுத் திருகாணிகளையும், வயரையும் ஒரு துணிப்பையில் போட்டு, வாங்கிய நாளும் இடமும் எழுதிய ரசீதின் படியையும் வைத்துக் கட்டியிருக்கிறேன். வயரின் துணியுறைக்குள் சுருட்டிய காகிதத் துண்டு ஒன்று சிக்கியிருந்ததை மின்கம்பியாளர் எடுத்துத் தந்தார். மங்கிய நீல மையில் "மொன்ட்ஸா" என்ற ஊர்ப்பெயரும் ஓர் எண்ணும் தெரிகின்றன. படங்களை இன்றிரவு போடுகிறேன்.

மின்னூல்

அந்தக் காகிதத்தை விரிக்க முயல வேண்டாம். இருக்கிறபடியே, பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி வைத்துப் படம் எடுங்கள். மொன்ட்ஸா என்பதாலேயே அர்ரெதோலூச்சே என்று நாமும் பெயர் ஒட்டிவிடக் கூடாது. அவ்வூரில் பட்டறைகள் பல இருந்தன. எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.